பார்கோடு மேல் வைத்த பொட்டு

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதில் நடுநிலை எதுவும் இருக்காது. அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில், ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் தகவல்களுக்கு நகல் எடுத்து வைக்கும் பேக்கப் பிரிவில் ஆறு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். அவர் எங்கள் டீமின் லீட். சென்னைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கிரீன் கார்டு வாங்கி முடித்தவர். நான் பாளையங்கோட்டைக்காரன், கான்ட்ராக்டில் வேலை பார்த்தவன், விசாவில் இருந்தவன். என் கிரீன் கார்டு மனு பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. அது நகர வேண்டுமென்றால் அந்த வேலை எனக்கு இருக்க வேண்டும். வேலை இருக்க வேண்டுமென்றால் அவருக்கு என்மேல் கோபம் வரக்கூடாது. வேலை போனால் அறுபது நாள். அதற்குள் வேறு கம்பெனி கிடைக்காவிட்டால் மனைவி மகளோடு பெட்டி கட்ட வேண்டியதுதான்.

எங்கள் பிழைப்பு டேப். இந்தக் காலத்திலும் டேப்பா, எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதே என்று பார்ட்டிகளில் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். யாரோ ஒருவன் உள்ளே புகுந்து கம்பெனியின் டிஸ்க் முழுவதையும் பூட்டிவிட்டுப் பேரம் பேசும் நாளில், எந்த ஒயரும் இல்லாமல் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் டேப்பை மட்டும் அவனால் தொட முடியாது. ஒரு கார்ட்ரிட்ஜ் உள்ளங்கையில் அடங்கும். அதற்குள் சுருண்டிருக்கும் நாடா கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அப்படி நூற்றுக்கணக்கில் அடுக்கி, ரோபோ கை ஒன்று எடுத்துக் கொடுக்கிற பெரிய அலமாரிக்குப் பெயர் டேப் லைப்ரரி. அந்த அலமாரிதான் எங்களுக்குச் சோறு போட்டது.

சென்னையிலிருந்து புதிதாக இரண்டு பேர் டீமில் சேர்ந்தபோது அவர்களுக்கு எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. ஸ்க்ராட்ச் என்றால் கீறல் விழுந்த டேப் என்று நினைத்து ஒருவன் குப்பையில் போடப் போனான். லீட் என்னைக் கூப்பிட்டு, "ஒரு டாக்குமென்ட் போடுங்க தம்பி, டெர்ம்ஸ் எல்லாம் வர்ற மாதிரி" என்றார். மூன்று வாரக்கடைசிகள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். பதினான்கு பக்கம். எனக்கு எழுதப் பிடிக்கும், அதுவும் எனக்குத் தெரிந்ததைத் தெளிவாக எழுதப் பிடிக்கும். ஸ்க்ராட்ச்: உள்ளே இருப்பதன் ஆயுள் முடிந்துவிட்டதால் மேலே எழுதலாம் என்று அனுமதி பெற்ற டேப். அப்பெண்ட்: பழையதைத் தொடாமல் அதன் முடிவிலிருந்து எழுதுவது. இனிஷியேட்டர்: கேபிளின் இந்த முனையில் இருந்து கட்டளை கொடுப்பது, அதாவது சர்வர். டார்கெட்: அந்த முனையில் இருந்து கட்டளையைச் செய்வது, அதாவது டேப் டிரைவ், தானாக எதுவும் பேசாது, கேட்டால் மட்டும் பதில் சொல்லும். எங்கள் டீமில் யார் இனிஷியேட்டர், யார் டார்கெட் என்று நான் எழுதவில்லை, அவ்வளவுதான்.

லேபிள் என்ற சொல்லுக்கு மட்டும் அரைப் பக்கம் எழுதினேன். ஒவ்வொரு டேப்புக்கும் இரண்டு லேபிள். ஒன்று வெளியே ஒட்டிய பார்கோடு. அதை ரோபோ படிக்கும். இன்னொன்று நாடாவின் தொடக்கத்திலேயே பதிந்திருக்கும் ஹெட்டர். அதை டிரைவ் மட்டும்தான் படிக்கும். புதிதாக லேபிள் பண்ணுவது என்றால் அந்த ஹெட்டரை மாற்றி எழுதுவது. எழுதிய கையோடு, தகவல் இங்கே முடிகிறது என்று ஒரு குறியும் விழுந்துவிடும். அதற்கு அப்புறம் டிரைவ் ஒரு அங்குலம்கூடத் தாண்டிப் போகாது. பழைய தகவல் அத்தனையும் நாடாவில் அப்படியே இருக்கும். யாராலும் போய்ச் சேர முடியாது. ஆகவே, எந்தக் காரணத்தால் பார்கோடு படிக்க முடியாமல் போனாலும், டேப்பை டிரைவில் ஏற்றி ஹெட்டரைப் படித்துப் பார்க்காமல் லேபிள் பண்ணவே கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

அடுத்த மாத மீட்டிங்கில் அந்த டாக்குமென்ட் திரையில் வந்தது. முதல் பக்கத்தில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் லீட் பெயர். எங்கள் மேனேஜர், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அமெரிக்கப் பெண்மணி, ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். லீட் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினேன். "உங்க பேரு அதுல இருந்தா கிரீன் கார்டு சீக்கிரம் வந்துருமா? சும்மா இருங்க" என்றாள். சும்மா இருந்தேன். நான்கு வருடம் அந்தப் பதினான்கு பக்கத்தை அவர் பெயரில் எல்லாரும் படித்தார்கள்.

லீட் பக்திமான். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜையன்று டேட்டா சென்டரில் பூஜை போடுவார். கற்பூரம் ஏற்றினால் ஃபயர் அலாரம் அடித்துக் கட்டிடமே காலியாகிவிடும் என்பதால் தீபம் கிடையாது. லைப்ரரியின் கதவில் சந்தனமும் குங்குமமும் வைப்பார், ஒரு பூவைச் செருகுவார், அவர் மனைவி செய்து கொடுத்த சுண்டல் எல்லாருக்கும் வரும். நான் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் வருடாவருடம் நின்றேன், சுண்டலும் இரண்டு கப் சாப்பிட்டேன். எனக்குச் சோறு போடும் மெஷினுக்கு ஒருவர் மரியாதை செய்தால் அதில் எனக்கு என்ன கஷ்டம்? நல்ல வழக்கம் என்றுதான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அந்த வருடம் பூஜையன்று வெளிக் கிடங்கிலிருந்து எட்டு டேப் ஒரு பெட்டியில் வந்திருந்தது. மூடிப்போன கிளை ஒன்றின் பழைய க்ளெய்ம் காகிதங்கள், ஸ்கேன் செய்தவை. கோர்ட்டு வழக்குக்காக எங்கள் சட்டப் பிரிவு கேட்டிருந்தது. லீட்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை. எட்டையும் மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனத்தைத் தொட்டு அதன்மேல் குங்குமம் வைத்தார். கார்ட்ரிட்ஜில் வைக்க வேறு இடமே இல்லாத மாதிரி, சரியாகப் பார்கோடு லேபிளின் நட்ட நடுவில் வைத்தார். போட்டோ எடுத்து டீம் வாட்ஸாப் குரூப்பில் போட்டார்.

நான் பார்த்தேன். ரோபோ இதைப் படிக்காது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் அது டெக்னிக்கல் விஷயம். நான் சொன்னால், சர்ச்சுக்குப் போகிறவனுக்குப் பொட்டு உறுத்துகிறது என்று ஆகிவிடும். எதற்கு வம்பு என்று சுண்டலை மென்றுகொண்டு நின்றேன். பிறகு அவரே டிஷ்யூவால் எல்லாவற்றையும் துடைத்தார். "இன்னிக்கு நல்ல நாள், என் கையாலயே போடறேன்" என்று எட்டையும் லைப்ரரிக்குள் போட்டார். துடைத்துவிட்டாரே, சரியாகிவிடும் என்று நான் என் சீட்டுக்குப் போனேன்.

மூன்று நாள் கழித்து மதியம் ஸ்க்ரீனில் ஓர் அலர்ட். நாற்பத்தோராவது ஸ்லாட்டில் ஒரு டேப், பார்கோடு இல்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கலாம்; ஆனால் திறந்தால் ரோபோ நின்றுவிடும், மூடிய பிறகு எல்லா டேப்பையும் முதலிலிருந்து எண்ணும், அரை மணி நேரம் போகும். அதற்கு லீட் அனுமதி வேண்டும். அவர் லீவில் கலிஃபோர்னியா போயிருந்தார். லிவர்மோர் கோவிலில் அவருடைய அக்கா பேரனுக்குக் காது குத்து. போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"சார், ஒரு டேப் அன்லேபிள்டுன்னு காட்டுது. பார்கோடு வரல."

"புது டேப்பா இருக்கும். போன வாரம் ரெண்டு புதுசு உள்ள போட்டேன். லேபிள் பண்ணி ஸ்க்ராட்ச்ல சேத்துடுங்க."

"ஒரு தடவ ஹெட்டர் படிச்சுப் பாத்துரட்டுமா சார்? நாலு நிமிஷம்தான்."

"காலையிலேர்ந்து டேப் பத்தலைன்னு எனக்கு மெயில் மேல மெயில் வந்துட்டிருக்கு. இங்க குழந்தை அழுதுட்டிருக்கான். நான் சொல்றேன்ல? பண்ணுங்க."

நான் பண்ணினேன். உள்ளே ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, அழிக்கட்டுமா என்று சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியால் வேலை தாமதமாகிறது என்று ஒரு வருடம் முன்பே லீட் அதை ஆஃப் பண்ணச் சொல்லியிருந்தார். ஆஃப் பண்ணியவனும் நான்தான். அதனால் எதுவும் கேட்காமல், சமத்தாக, ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பூஜைப் பொட்டு என் நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? லேசாக வந்தது. அவர்தான் துடைத்தாரே, அவர்தான் புதுசு என்கிறாரே என்று அதை ஒதுக்கித் தள்ளினேன். அந்த நான்கு நிமிடத்துக்காக அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் சட்டப் பிரிவு எட்டு டேப்பையும் மீட்டெடுக்கச் சொன்னது. ஏழு வந்தது. எட்டாவது லைப்ரரியில் எங்கேயும் இல்லை. அனுமதியும் கேட்காமல் கதவைத் திறந்து நாற்பத்தோராவது ஸ்லாட்டில் இருந்த டேப்பை உருவினேன். பார்கோடு மேல் சந்தனம் காய்ந்து ஏடு படிந்திருந்தது, அதன் விளிம்பில் சிவப்பு. டிஷ்யூவால் துடைக்கப் போய் நன்றாக இழுகியிருந்தது. இன்னொரு காப்பி இருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது, வாடகை மிச்சம் என்று அதை முன்பே யாரோ ஒழித்துவிட்டார்கள்.

லீட்டிடம் சொன்னேன். "நான் வந்து பேசறேன், நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க" என்றார். போனை வைத்த அரை மணி நேரத்தில் குரூப்பில் அந்தப் போட்டோ அழிந்துவிட்டது. பக்திமான் செய்த முதல் காரியம் அது. ஆனால் என் போன் வருகிற போட்டோவை எல்லாம் தானாகச் சேமித்து வைக்கும். எட்டு டேப், எட்டுப் பொட்டு, ஓரத்தில் மோதிரம் போட்ட அவர் விரல். என்னிடம் இருந்தது.

விசாரணை அடுத்த திங்கட்கிழமை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் எங்கள் தமிழ் ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, வேலைக்கு ஜெபியுங்கள் என்று ஒரு அங்கிளிடம் சொன்னேன். அவர் தோண்டித் தோண்டிக் கேட்டு முழுக் கதையையும் வாங்கிவிட்டார்.

"தம்பி, ஆண்டவரே உங்க கையில ஆதாரத்தைக் குடுத்திருக்கார். இதையெல்லாம் ஆபீஸ்குள்ள கொண்டுவந்தா இப்படித்தான்னு நல்லாப் புரியற மாதிரி காட்டுங்க" என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்கு லீட்டின் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே அங்கிளின் மேல் திரும்பியது.

"அங்கிள், டேப் மேல நீங்க ஜெப எண்ணெய் தடவினாலும் பார்கோடு ரீட் ஆகாது" என்றேன்.

அவர் கப்பை வைத்துவிட்டு நகர்ந்துபோனார். அதன்பிறகு என்னிடம் சரியாகப் பேசவில்லை. காரில் வரும்போது மனைவி சொன்னாள்: "யாரு என்ன சொன்னா நமக்கென்ன? போட்டோ இருக்குல்லா, காட்டிற வேண்டியதுதானே. அவருக்குக் கார்டு இருக்கு. நமக்கு என்ன இருக்கு?" பின்சீட்டில் மகள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பத்தாம் வகுப்பு.

திங்கட்கிழமை அறையில் மூன்று பேர்தான். மேனேஜர், லீட், நான். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. போனில் லீட் சொன்னதை நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். மேனேஜர் முன்னால் என் பதினான்கு பக்கம், பிரிண்ட் எடுத்தது. லேபிள் பக்கத்தைத் திருப்பி, தடித்த எழுத்து வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தார். பிறகு முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு லீட்டிடம் கேட்டார்: "இவ்வளவு தெளிவாக எழுதிய நீங்களே, படித்துப் பார்க்காமல் லேபிள் பண்ணுங்கள் என்று போனில் சொன்னீர்களா?"

மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். நான்கு வருடமாக அவர் திருடி வைத்திருந்தது அவர் கழுத்தையே பிடிக்கிறது என்று உள்ளுக்குள் குதித்தேன். லீட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உண்மையில் இதை எழுதியது இவர்தான்" என்றார். "ஒவ்வொரு வரியும் இவருடையது. நான் ஃபார்மட் மட்டும்தான் பண்ணினேன். என்னைவிட இவருக்கு இது நன்றாகத் தெரியும். போனில் நான் செக் பண்ணச் சொன்னதாகத்தான் ஞாபகம்."

நான்கு வருடம் கொடுக்காத பெயரை ஒரு மூச்சில் கொடுத்துவிட்டார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "நீங்களா எழுதினீர்கள்?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் பேனாவை எடுத்து முதல் பக்கத்தில் லீட் பெயரை அடித்து, பக்கத்தில் என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். ஃபைலில் சரியாக இருக்க வேண்டுமாம்.

அப்போதுதான் போனை எடுத்தேன். லீட் என் கையைப் பார்த்தார். மேனேஜருக்குப் புரியாதபடி மெதுவாகத் தமிழில், "தம்பி, சாமி விஷயம். வேணாம்" என்றார். ஒரு கணம் கை நின்றது உண்மை. பிறகு எனக்கு வந்த ஆத்திரத்தில் போட்டோவை அந்த அம்மாவின் முன்னால் தள்ளினேன். சாமியை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிந்துகொள்கிறவரை எனக்குத் தெரிந்த எந்த மதத்திலும் நல்லவர் என்று சொல்வதில்லை.

மேனேஜர் நெடுநேரம் பார்த்தார். இது என்ன என்று லீட்டைக் கேட்டார். அவர் மேஜையைப் பார்த்தபடி, ஏதோ குடும்ப வழக்கம் என்று முனகினார். கடைசியில் நான்தான் விளக்கினேன். வருடத்தில் ஒரு நாள் எங்கள் ஊரில் வேலை செய்யும் கருவிகளுக்கு மரியாதை செய்வார்கள், தச்சர் உளிக்கு வைப்பார், டிரைவர் வண்டிக்கு வைப்பார், இவர் டேப்புக்கு வைத்தார், வைத்த இடம் தப்பு என்றேன்.

"அழகாக இருக்கிறது" என்றார் மேனேஜர். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "ஆனால், எந்தக் காரணத்தால் படிக்க முடியாமல் போனாலும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவும் ஒரு காரணம்தானே? பட்டனை அழுத்தியது யார்?"

"நான்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் பேனாவால் கெட்டேன். லீட்டுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். என் கான்ட்ராக்ட் அன்றோடு முடிந்தது. அந்த அம்மாள் அநியாயம் எதுவும் செய்யவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வேலை போனவரைத் தனியாக வெளியே அனுப்பக்கூடாது, டீம் லீட் கூடவே நடந்து கார் வரைக்கும் விட வேண்டும் என்பது அங்கே விதி. இருவரும் லிஃப்டில் இறங்கினோம். பார்க்கிங்கில் என் கார் கதவைத் திறந்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"மனசுல வச்சுக்காதீங்க தம்பி. ரெண்டு பசங்க காலேஜ்ல இருக்காங்க எனக்கு. நீங்க இளையவர், எங்க போனாலும் பொழச்சுப்பீங்க. டல்லாஸ்ல என் கிளாஸ்மேட் ஒருத்தர் டேப் ஆளுக்கு அலையறார். ரெஸ்யூமே அனுப்புங்க, நான் ஃபார்வர்ட் பண்றேன்."

அவரை அறையலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். "உங்க உதவி எனக்குத் தேவையில்ல சார்" என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினேன். ரூட் எண்பது நெடுஞ்சாலை முழுக்க ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே ஓட்டினேன். சொல்லாமல் விட்ட வார்த்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கிராமத்து வசவுகளும் வந்தன.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி அழவில்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காலண்டரை எடுத்துவந்து, விரல் வைத்து அறுபது நாள் எண்ணினாள். அறுபதாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமையில் விழுந்தது. மகள் படிக்கட்டில் நின்றுகொண்டு, "சோ வீ ஹாவ் டு லீவ்?" என்று கேட்டாள். மனைவி காலண்டரைத் திரும்பக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன். 'மரியாதைக்குரிய சார்' என்று ஆரம்பித்து, தாங்கள் காலையில் அன்போடு சொன்னபடி என் ரெஸ்யூமேயை இத்துடன் இணைத்திருக்கிறேன் என்று எழுதினேன். மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"கடைசியில தேங்க்ஸ்னு ஒரு வரி போட்டுருங்க" என்றாள்.

போட்டேன். டல்லாஸில் அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன்.